நீரில் நனைந்த சாணைக்கல்

இஸ்ரயேல் நாடு முழுவதிலும் ஒரு கொல்லன்கூட இல்லாதிருந்த காலம் ஒன்று இருந்ததாகத் திருவிவிலியம் கூறுகின்றது (1 சாமுவேல் 13:19-22). எபிரேயர் தமக்கென வாளோ ஈட்டியோ செய்துகொண்டுவிடுவர் என்று அஞ்சிய பெலிஸ்தியர், இரும்புத் தொழிலைத் தம் கைக்குள்ளேயே வைத்திருந்தனர். கொழு மழுங்கினாலும் கோடரி மழுங்கினாலும் இஸ்ரயேலர் தம் பகைவரின் பட்டறைக்கே இறங்கிச் சென்று, கூலி கொடுத்துத் தீட்டிக்கொண்டு வரவேண்டியிருந்தது. அந்தக் கூலியைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'பிம்' என்பதாகும். விவிலியத்தில் இந்த ஓர் இடத்தில் மாத்திரமே அச்சொல் வருவதனால் நெடுங்காலம் அதன் பொருள் விளங்கவில்லை. எனவே பழைய மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் அது 'அரம்' என்றாகிவிட்டது. 20ஆம் நூற்றாண்டிலே பாலஸ்தீன மண்ணிலிருந்து அதே எழுத்துகள் பொறித்த சிறிய எடைக்கற்கள் கிடைத்த பின்னரே, அது ஒரு நிறை என்பதும், ஒரு செக்கேலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 8 கிராமுக்குச் சற்றுக் குறைந்த வெள்ளி என்பதும் தெளிவாயின. ஒரு கொழுவைக் கூராக்க அவ்வளவு வெள்ளி! ஏழை உழவனுக்கு அது சிறிய தொகையன்று.

இந்தப் பகுதியைப் பலமுறை வாசித்திருந்தும் அதன் சுமையை நான் உணர்ந்தது அண்மையில்தான். அதற்குக் காரணம் நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் என் தம்பியின் மகனுடைய வீட்டு நிலவறையில் நான் கண்ட ஓர் இயந்திரமாகும். எனக்குப் பெறாமகனான அவன் பகலில் வேறு தொழில் பார்த்தாலும், மாலை வேளைகளில் மரவேலை செய்து மகிழ்பவன். எங்கள் குடும்பத்தில் மரமும் உளியும் புதியனவல்ல. என் தந்தையார் தச்சுத் தொழிலாளி. அவருடைய உளிகளுள் ஒன்றைத் தம்பி கடல் கடந்து கொண்டுபோய்த் தன் மகனிடம் ஒப்படைத்திருந்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்த இயந்திரத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நம் ஊர்களில் சாணை பிடிப்பவர் துவிச்சக்கர வண்டியின் மிதியை மிதித்துச் சிறிய கல்லொன்றைச் சுழற்றுவார். தீப்பொறி பறக்கும், பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பர். கல் உலர்ந்தது, வேகம் பெரிது. நான் கண்ட சுவீடன் நாட்டு இயந்திரமோ இதற்கு நேர்மாறானது. 1973இல் தோர்ணி யான்சன் என்பவர் தொடங்கிய டோர்மெக் என்னும் நிறுவனம் இவ்வகை இயந்திரங்களைத் தயாரித்து வருகின்றது. 250 மில்லிமீற்றர் விட்டமுடைய கல்லொன்று, நீர் நிறைந்த சிறு தொட்டிக்குள் அடிப்பாகம் அமிழ்ந்தவாறு, நிமிடத்துக்கு 90 சுற்று என்ற அளவில் மிக ஆறுதலாகச் சுழல்கின்றது. சுழலும்போதே நீரை அள்ளிக்கொண்டு மேலே வந்து, வெட்டு முனையின் மீது அதை வழியவிடுகின்றது. தீப்பொறி இல்லை. பெரிய ஓசையும் இல்லை. முதலில் நீர் ஊற்றும்போது கல்லே அதைக் குடித்துவிடுகின்றது. ஊற்றஊற்றத் தொட்டி வற்றுகின்றது. கல்லின் தாகம் தீர்ந்த பின்னர்தான் வேலை ஆரம்பமாகின்றது.

"பெரியப்பா, விரலை வைச்சுப் பாருங்கோ" என்றான் பெறாமகன். அவன் தீட்டிக்கொண்டிருந்த உளியின் முனைக்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்தேன். கிணற்று நீர்போலக் குளிர்ந்திருந்தது.

அந்தக் குளிர்ச்சியில்தான் எல்லாம் தங்கியுள்ளது. உருக்கைப் பழுக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது மிகுந்த கடினம் பெறுகின்றது. ஆனால் கண்ணாடிபோல உடைந்துபோகும் தன்மையும் கூடவே வருகின்றது. அதனால் அதை மீண்டும் 200 பாகை செல்சியஸ் அளவில் இளஞ்சூடாக்கிப் பதப்படுத்துவர். இந்தப் பதமே கொல்லனின் மறைபொருள். உலர்ந்த கல்லை உடைய சாதாரண மின்சாணை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்றுச் சுழல்வது. 150 மில்லிமீற்றர்க் கல்லானால் அதன் விளிம்பு, நீர்ச்சாணைக் கல்லின் விளிம்பைவிட 19 மடங்கு வேகத்தில் ஓடுகின்றது என்று கணக்கிடலாம். வெட்டு முனையோ தாளைப்போல மெல்லியது. சூட்டைத் தாங்கிக்கொள்ள அதனிடம் உடம்பு இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் அது வைக்கோல் நிறமாகின்றது. அடுத்து மண்ணிறம். 300 பாகையை அண்மிக்கும்போது மயிற்கழுத்தின் நீலம். பார்ப்பதற்கு அழகான நிறந்தான். ஆனால் நீலம் தோன்றிவிட்டால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்பது பொருள். பிறகு எத்தனை முறை நீரில் தோய்த்தாலும் போன பதம் திரும்பாது. தீட்டினால் கூராகும், இரண்டு முறை மரத்தில் இறங்கியதும் மடிந்துவிடும்.

பெறாமகன் அடுத்ததாக எடுத்துக் காட்டியது என் தந்தையாரின் உளி. துருவைத் துடைத்து வைத்திருந்தான். முனையின் ஒரு மூலையில் நீலக்கறை மங்கலாகத் தெரிந்தது.

"இதை ஆர் பெரியப்பா எரிச்சது?"

எரித்தவன் நான்தான். அப்போது எனக்குப் பதினேழு வயது. தந்தையார் அதிகாலையிலேயே எழுந்து தேங்காய் எண்ணெய் தடவிய கல்லில் ஒரு மணித்தியாலம் உளி தீட்டுவதைப் பார்த்துச் சலித்துப்போன நான், அவருக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு, பக்கத்து இரும்புப் பட்டறையிலிருந்த மின்சாணையில் அவருடைய நல்ல உளியைக் கொண்டுபோய் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. பெருமையோடு கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரும்பு செத்துப் போச்சு" என்று மாத்திரம் சொன்னார். ஏசவில்லை, அடிக்கவில்லை. அந்த உளியை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தார். பின்னர் அவர் அதைப் பயன்படுத்தியதை நான் காணவில்லை.

நீரைப் பற்றிப் பேசும்போது இன்னுமொன்றையும் சொல்லாமல் கடந்துபோக முடியாது. சாணைக்கல்லில் நீர் இருப்பதும் இல்லாததும் உளியின் உயிரை மாத்திரமல்ல, மனிதரின் உயிரையே தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம் கத்திகளுக்கும் கத்தரிக்கோல்களுக்கும் உலகப் புகழ் பெற்றது. அங்கே 19ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் மணற்கல் சக்கரங்களின் முன்னால் மரக்கட்டையில் குதிரையேறியவர்போல அமர்ந்து, நாள் முழுவதும் இரும்பைத் தீட்டினர். பெரிய கத்திகள் நனைந்த கல்லிலும், முள்ளுக்கரண்டிகள் உலர்ந்த கல்லிலும் தீட்டப்பட்டன. மணற்கல்லின் தூசு நுரையீரலுக்குள் போய்ப் படிந்து மூச்சை அடைத்தது. அதைச் 'சாணைக்காரரின் ஆஸ்துமா' என்றே அவ்வூரார் அழைத்தனர். இன்றைய மருத்துவம் சிலிக்கோசிஸ் என்று கூறுவது இதனையே.

அந்நகரில் பணியாற்றிய சேர் ஆர்னல்ட் நைட் என்ற கத்தோலிக்க வைத்தியர், 1830இல் இந்நோயைப் பற்றி எழுதினார். அவர் தந்த கணக்கு நெஞ்சை உலுக்குவது. உலர்ந்த கல்லில் முள்ளுக்கரண்டி தீட்டுவோர் 28 வயதுக்கும் 32 வயதுக்கும் இடையில் இறந்தனர். உலர்ந்த கல்லையும் நனைந்த கல்லையும் மாறிமாறிப் பயன்படுத்திய சவரக்கத்தித் தொழிலாளர் 40 முதல் 45 வரை வாழ்ந்தனர். நனைந்த கல்லில் மேசைக்கத்தி தீட்டியோர் 40க்கும் 50க்கும் இடைப்பட்ட வயதுவரை பிழைத்திருந்தனர். ஒரு தொட்டி நீர் கொடுத்த ஆயுள் அது. (இந்த வைத்தியரின் புதல்வர்களுள் ஒருவரான எட்மண்ட் நைட் குருவாகி, பிற்காலத்தில் ஷ்ரூஸ்பெரி மறைமாவட்டத்தின் ஆயரானார்.)

இரும்புத்தூளை ஈர்த்துப் பிடிக்கும் காந்த முகமூடிகளும், தூசை வெளியே இழுக்கும் விசிறிகளும் அக்காலத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. ஆனால் தொழிலாளரிற் பலர் அவற்றை ஏற்கவில்லை. தொழில் பாதுகாப்பானதாகிவிட்டால் இன்னும் பலர் அதற்குள் வருவர், கூலி குறைந்துவிடும் என்பது அவர்களது அச்சம். இளமையிலே சாவதே தம் கூலியைக் காக்கும் வேலி என்று மனிதர் நம்பவேண்டிய நிலை! 1981இல் திருத்தந்தை புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், இயந்திரத் தொழில்நுட்பம் மனிதனின் கூட்டாளி என்றும், சில வேளைகளில் அதுவே அவனுக்குப் பகையாகவும் மாறக்கூடும் என்றும் எச்சரித்தபோது, இத்தகையோரின் வரலாறு அவருக்கு அந்நியமாயிருந்திருக்காது. இளமையில் கற்சுரங்கத்தில் உழைத்தவர் அவர்.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சமையலறை மேடைகளுக்கான செயற்கைக் கற்பலகைகளை அறுக்கும் இளம் தொழிலாளருக்கு அதே நோய் வந்ததனால், அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அப்பலகைகளைத் தடைசெய்தது. சுவீடனிலும் ஊர்சா என்னும் ஊரில் பல தலைமுறைகளாக மணற்சாணைக் கற்களை வெட்டி எடுத்தோர் அதே தூசுக்குப் பலியாயினர். இன்றைய நீர்ச்சாணைகளில் உள்ள கல், அலுமினிய ஒக்சைட்டுத் துகள்களால் செயற்கையாகச் செய்யப்பட்டது. தேய்ந்து விழும் துகளும் நீரோடு தொட்டிக்குள் இறங்கிச் சேறாகிவிடுகின்றது.

பிரான்சின் கத்திநகரமான தியேரில் வேறொரு காட்சி. துரோல் ஆற்றின் ஓரத்திலுள்ள ஈரமான பட்டறைகளில் தொழிலாளர் பலகையின்மேல் குப்புறப் படுத்தவாறு, கீழே சுழலும் கல்லில் கத்தியை அழுத்தித் தீட்டினர். குளிர் தாங்காமல் தம் நாய்களைக் கால்களின்மேல் படுக்கவைத்துக்கொள்வார்களாம். பழைய புகைப்படங்களில் அந்த நாய்களை இன்றும் காணலாம். எத்தனை கருணை அந்த மிருகங்களுக்கு!

சாணை பிடிப்போருக்குத் திருச்சபையின் மரபிலே ஒரு பாதுகாவலி உண்டு என்பது நம்மிற் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். அலெக்சாந்திரியா நகர்ப் புனித கத்தரினாளே அவர். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விசுவாசத்தை மறுதலிக்க மறுத்த அந்த இளம்பெண்ணை முட்கள் பதித்த சக்கரத்தில் இட்டு வதைக்க முயன்றனர் என்றும், அவர் தொட்டதும் சக்கரம் நொறுங்கியது என்றும், பின்னர் வாளால் தலை துண்டிக்கப்பட்டார் என்றும் மரபு கூறுகின்றது. அதனால் ஆலைக்காரர், நூல் நூற்போர், சாணை பிடிப்போர் எனச் சக்கரத்தோடு வாழும் தொழிலாளரெல்லாம் அவரைத் தமக்கு உரியவராக்கிக்கொண்டனர். அவரது வரலாற்றில் மரபுக்கதை அதிகம் கலந்திருப்பதாகக் கருதி 1969இல் பொது வழிபாட்டு நாட்காட்டியிலிருந்து அவர் திருநாள் நீக்கப்பட்டது. 2002இல் நவம்பர் 25 அன்று விருப்ப நினைவாக மீண்டும் சேர்க்கப்பட்டது. கொல்லும் சக்கரத்திலிருந்து பிழைக்கும் சக்கரத்தை உண்டாக்கிக்கொண்ட எளிய மக்களின் பக்தியை அறிஞர்கள் எளிதில் அழித்துவிட முடிவதில்லை.

மீண்டும் ஒஸ்லோவுக்கு வருவோம். எரிந்த உளியைக் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு. நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கி, அதற்குப் பின்னாலுள்ள பதமான இரும்பை வெளியே கொண்டுவர வேண்டும். இதை மறுபடியும் வேகக்கல்லில் செய்தால் சூடு இன்னும் பின்னோக்கி ஏறிவிடும். எனவே அந்தச் சூட்டைத் தண்ணீரில்தான் திருத்தவேண்டும், பொறுமையும் வேண்டும். நாங்கள் இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவிட்டோம். உளியின் சரிவில் பேனை மையைப் பூசி, கல் எந்த இடத்தைத் தொடுகின்றது என்று அவன் முதலில் பார்த்துக்கொண்டான். மை எங்கே அழிகின்றதோ அங்கேதான் கல் வேலை செய்கின்றது. நாம் நினைத்த இடம் வேறாகவும் கல் தொட்ட இடம் வேறாகவும் இருப்பதை மை காட்டிக்கொடுத்துவிடும். கோணம் 25 பாகை. அழுத்திப் பிடிக்கவேண்டியதில்லை.

கைகள் வேலை செய்துகொண்டிருக்க, மனம் வேறோர் இடத்துக்குப் போனது. நான் பல வருடங்கள் எங்கள் பங்கில் மறைக்கல்வி ஆசிரியனாக இருந்தவன். முதல்நன்மை வகுப்பில் ஒரு சிறுவன். தந்தை இல்லாத பிள்ளை. விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்படி அவனை எழுப்பினேன். பாதியில் தடுமாறினான். மீண்டும் சொல்லச் சொன்னேன்; மீண்டும் அதே இடம். அன்று எனக்கு என்ன கோபமோ தெரியாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவனை அவனது குடும்பத்தையும் சேர்த்து இழிவாகப் பேசிவிட்டேன். வகுப்பு சிரித்தது. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தாயார் வந்து கேட்டபோது, பிள்ளைக்குக் கவனம் போதாது என்று நான் சொன்னேன். அவ்வருடம் அவன் முதல்நன்மை பெறவில்லை.

குற்றம் செய்த சகோதரனைத் திருத்த வேண்டுமானால், முதலில் அவனிடம் தனியாகச் சென்று பேசும்படி ஆண்டவர் பணித்திருக்கின்றார் (மத்தேயு 18:15). இந்தத் திருவசனத்தைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை விளக்கியவன் நான். ஓர் எட்டு வயதுப் பிள்ளையின் தடுமாற்றம் குற்றம்கூட அல்ல. நாவை வாளைப்போலத் தீட்டுவோரைத் திருப்பாடல் ஆசிரியர் குறிப்பிடும்போது (64:3) அவர் பகைவரைத்தான் கருதினார் என்று எண்ணியிருந்தேன். வீட்டில் தந்தையும், வகுப்பில் ஆசிரியனும், திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் பெரியவர்களும் அதே வேலையைச் செய்கின்றோம். திருத்துகின்றோம் என்ற நல்லெண்ணத்தோடுதான் செய்கின்றோம். நானும் அப்பாவுக்கு உதவுவதாக எண்ணித்தான் உளியை எடுத்துப்போனேன். விரைவாக முடிந்துவிடுகின்றது, கூராகவும் தெரிகின்றது. நீலம் பிறகுதான் கண்ணில் படுகின்றது.

இரண்டாம் மாலை முடியும் வேளையில் உளியின் பின்புறத்தில் மெல்லிய பிசிறு எழுந்தது. கல் முனைவரை எட்டிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் பிசிறோடு விட்டால் அது கூர் அல்ல; கூர்போன்ற ஒரு கிழிசல். இயந்திரத்தின் மறுபக்கத்தில் தோல் சுற்றிய சக்கரம் ஒன்று இருக்கின்றது. அதில் எண்ணெயும் மெருகுப்பசையும் தடவி, பிசிறு நீங்கும்வரை மெருகேற்றவேண்டும். அப்போது சக்கரம் முனையை விட்டு விலகிச் சுழலவேண்டும். எதிர்த்துச் சுழன்றால் உளி தோலைக் கிழித்துவிடும். இறுதியாக, தொட்டியைக் கீழே இறக்கி நீரை ஊற்றிவிட்டான். கல்லை நீரில் நிற்கவிட்டால் ஒருபக்கம் மாத்திரம் ஊறிப் பாரம் மாறிவிடுமாம். அந்த நீர் சாம்பல் நிறமாய், கலங்கலாய் இருந்தது. என் தந்தையாரின் இரும்பு அதில் கொஞ்சம் போனது. அளந்து பார்த்தோம்: உளி நான்கு மில்லிமீற்றர் குறைந்திருந்தது. ஊசியிலை மரத்துண்டின் வெட்டுமுகத்தில் அவன் அதை வைத்துத் தள்ளியபோது, மரம் மெழுகுபோலச் சீவுண்டு வந்தது. இந்தச் சத்தத்தை நான் சிறுவயதில் ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கின்றேன்.

ஊர் திரும்பியதும் அந்தப் பிள்ளையைத் தேடினேன். இன்று அவர் பிள்ளையல்லர். பக்கத்துப் பங்கில் சிறிய கடையொன்றை நடத்தும் இரண்டு பிள்ளைகளின் தந்தை. விசாரித்துப் போய்ச் சேர ஒரு கிழமை ஆயிற்று. கடையில் வேறொருவரும் இல்லாத நேரம்வரை வீதியோரம் காத்திருந்து உள்ளே போனேன். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கதிரை எடுத்துப் போட்டார், சோடா உடைத்துத் தந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சொல்வதற்கு நினைத்திருந்த அளவு எனக்குச் சொல் வரவில்லை.

"அதெல்லாம் மறந்துபோச்சு சேர்" என்றார் அவர்.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. ஒரு சிறுமி வந்து சீனி வாங்கிப் போனாள். அவர் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தராசுத் தட்டைத் துடைத்தார். பிறகு என்னைப் பாராமலே சொன்னார்:

"போஞ்சு பிலாத்து எண்ட இடத்திலதான் சேர் நான் தடக்கினனான்."